நாலெழுத்துக்கு மேல் மோர்

எங்கள் பேருந்து நிலைய நடைவியாபாரிகள் சங்கம் இந்த ஆண்டு ஒரு மலர் போடுகிறது. பஸ்ஸில் ஏறி இறங்கிப் பிழைத்த பழைய ஆட்கள் ஆளுக்குக் கொஞ்சம் எழுதித் தரவேண்டும் என்று செயலாளர் வீட்டுக்கே வந்து கேட்டார். அவர் செல்போன் உறை விற்கிறவர். "புதுசா வர்ற பயலுகளுக்குத் தெம்பு குடுக்குற மாதிரி எழுதுங்கண்ணே" என்றார். சரி என்றேன். உட்கார்ந்து யோசித்தால் பயந்த நாட்கள்தான் முதலில் வருகின்றன. அவற்றில் பெரிய பயத்தை எழுதுகிறேன். தெம்பு வருகிறவர்களுக்கு வரட்டும்.

நான் விற்றது இங்கிலீஷ் இலக்கணப் புத்தகம். முப்பத்திரண்டு பக்கம், மஞ்சள் அட்டை, நடுவில் குத்திய ஒரு கம்பி ஊசி. விற்ற எனக்குப் படிப்பு ஏழாம் வகுப்பு, அதுவும் பாதியில். அதற்குப் பிறகு லாரியில் கிளீனராக நாக்பூர் வரை போனேன். கல் குவாரியில் இருந்தேன். அழகர்கோவில் அடிவாரத்தில் பலூன் விற்றேன். ஓர் இடத்தில் ஆறு மாதம் நின்றால் கால் அரிக்கும், கிளம்பிவிடுவேன். எழுபதுகளின் பின்பாதியில் மதுரைக்குத் திரும்பி வந்தபோது கையில் தொழில் ஒன்றும் இல்லை. பெரியார் பஸ் ஸ்டாண்டில் இஞ்சி மரப்பா விற்ற ஒருவர்தான் என்னைக் காதர் பாயிடம் அனுப்பினார்.

காதர் பாய் டவுன்ஹால் ரோட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் சின்னப் புத்தகங்கள் அச்சடித்து எங்களைப் போன்றவர்களுக்குக் கொடுப்பார். சமையல், கைரேகை, கடிதம் எழுதும் முறை, இங்கிலீஷ். வெள்ளை ஜிப்பாவில் மை பட்டு நான் பார்த்ததில்லை. அவர் யாரையும் திட்டியதும் இல்லை. சாதாரணமாக என்னை 'வாப்பா, போப்பா' என்பார். கோபம் வந்தால் 'நீங்க' என்பார். கோபம் முற்றினால் 'ஜனாப்' என்பார். அந்தச் சொல்லைக் கேட்டால் கைரேகைப் புத்தகம் விற்கிற தடியன்கூட நடுங்குவான்.

தொழில் பழகப் பத்து நாள் போதுமாக இருந்தது. பஸ் வந்து நின்று, டிரைவர் டீ குடித்துத் திரும்புவதற்குள் எல்லாம் முடியவேண்டும். கடைசி சீட்டிலிருந்து தொடங்கி ஒவ்வொருவர் மடியிலும் ஒரு புத்தகம் வைத்துக்கொண்டே முன்னால் வரவேண்டும். கையில் கொடுக்கக் கூடாது. கையில் கொடுத்தால் உடனே திருப்பித் தந்துவிடுவார்கள், மடியில் கிடந்தால் பிரித்துப் பார்ப்பார்கள். பெண்கள் மடியில் வைக்கக் கூடாது, பக்கத்தில் கூடையோ பையோ இருந்தால் அதன்மேல் வைக்கலாம். பிறகு டிரைவர் சீட்டுக்குப் பின்னால் முதுகைக் கொடுத்து நின்று பேசவேண்டும். பேசி முடித்ததும் அதே வழியில் போய், ஒன்று காசை வாங்கவேண்டும், இல்லையென்றால் புத்தகத்தை வாங்கவேண்டும். முகத்தைப் பார்க்காமல் வாங்கவேண்டும். வாங்காதவர் வெட்கப்பட்டால் அடுத்த முறை ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார்.

பேசுவதற்கு நான் எடுத்துக்கொண்டது பதினோராம் பக்கம். ஒன்றோடு ஒன்றை ஒப்பிட்டுப் பேசும் சொற்கள், மூன்று கட்டமாகப் போட்டிருக்கும். உயரம், அதைவிட உயரம், எல்லாவற்றையும்விட உயரம். இங்கிலீஷில் இதற்கு 'டிகிரீஸ்' என்று பெயர். அதனால் ஸ்டாண்டில் எனக்கு 'டிகிரி' என்று பெயர் வைத்தார்கள். ஏழாம் வகுப்பு தாண்டாதவனைப் பார்த்து, "டிகிரி வந்துட்டாருடோய், வழி விடுங்க" என்று வெள்ளரிப்பிஞ்சு விற்கிறவர்கள் கத்துவார்கள்.

"டிரைவர் டால். கண்டக்டர் டாலர். அந்தா கடைசி சீட்டுல மேல இடிச்சுக்கிட்டு நிக்கிறாரே, அவரு டாலஸ்ட். கண்டக்டர் டாலர்னதும் அவருகிட்ட அமெரிக்காக் காசு இருக்குன்னு நெனைக்காதீக!" என்று தொடங்குவேன். சிரித்துவிட்டால் பாதி புத்தகம் விற்ற மாதிரி.

ஆளைக் காட்டி ஒப்பிடுவதில் ஆபத்து இருந்தது. ஒருநாள் குண்டுக்கு மூன்று கட்டம் சொல்லி மூன்று பேரைக் காட்டினேன். மூன்றாவது ஆள் எழுந்து வந்து என் காதோடு சேர்த்து ஒன்று வைத்தார். அவருக்கு இங்கிலீஷ் தெரியாது, ஆனால் எதற்குக் காட்டுகிறேன் என்று தெரிந்திருந்தது. அதற்குப் பிறகு உயரத்தைத் தவிர வேறெதற்கும் ஆளைத் தொடமாட்டேன். பரவை மார்க்கெட்டுக்குப் போகிற பெண்களின் கூடையிலிருந்து மூன்று கத்திரிக்காயைக் கேட்டு வாங்கிக் காட்டுவேன். கத்திரிக்காய் கோபித்துக்கொள்ளாது.

அடியைவிட நான் அதிகம் பயந்தது கேள்விக்கு. புத்தகத்தில் அச்சடித்திருந்த விதி இது: ஓரசைச் சொல்லுக்குக் கடைசியில் 'அர்', 'எஸ்ட்' சேர்க்கவேண்டும், பல அசை உள்ள சொல்லுக்கு முன்னால் 'மோர்', 'மோஸ்ட்' போடவேண்டும். இரண்டு மாதம் இதை அப்படியே ஒப்பித்தேன். ஒருநாள் சோழவந்தான் பஸ்ஸில் பால் கேன் வைத்திருந்த ஒருவர் கேட்டுவிட்டார்.

"ஏப்பா, அசைன்னா என்ன?"

எனக்குத் தெரியாது. பஸ் முழுக்க என்னைப் பார்த்தது.

"எங்க வீட்டு எருமைதான் அசை போடும். அதுக்கும் இங்கிலீஷுக்கும் என்னப்பா சம்மந்தம்?" என்றார் அவர். பஸ்ஸே குலுங்கியது. அன்றைக்கு ஒரு புத்தகம்கூட விற்கவில்லை. அடுத்த பஸ்ஸில் ஏறவில்லை. ஸ்டாண்டு சுவரோரம் உட்கார்ந்து பதினோராம் பக்கத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒவ்வொரு இங்கிலீஷ் சொல்லுக்கும் பக்கத்தில் தமிழ் எழுத்தில் உச்சரிப்பு போட்டிருந்தது. டால், ஸ்மால், ஷார்ட், ஸ்வீட். விரலை மடக்கி எழுத்தை எண்ணினேன். டால் இரண்டு. ஸ்மால் மூன்று. ஸ்ட்ராங் நாலு. எல்லாமே 'அர்', 'எஸ்ட்'. மோர் போடுகிற வரிசையில் யூஸ்ஃபுல் ஐந்து, டிஃபிகல்ட் ஆறு, பியூட்டிஃபுல் ஏழு. திரும்பத் திரும்ப எண்ணினேன், ஒன்றும் தப்பவில்லை. குட், பெட்டர், பெஸ்ட் மாதிரி அடங்காத சில சொற்களைத் தனியாகக் கட்டம் கட்டிப் போட்டிருந்தார்கள். மற்றதெல்லாம் என் விரலுக்குள் வந்துவிட்டது.

மறுநாளிலிருந்து அசையை விட்டுவிட்டேன். "தமிழ்ல எழுதுங்க. எழுத்த எண்ணுங்க. நாலெழுத்து வரைக்கும் அர்ரு, எஸ்ட்டு. நாலெழுத்துக்கு மேல போனா மோரு, மோஸ்ட்டு. அம்புட்டுத்தான் இங்கிலீஷு!" என்றேன். கிழவர்கள்கூட விரலை மடக்கினார்கள். "வெயிலுக்கு மோர் ஒரு டம்ளர் குடுப்பா" என்று எவனாவது கத்துவான், "நாலெழுத்துக்கு மேல கேளுங்க, தர்றேன்" என்பேன். புத்தகம் பறந்தது. பாயிடம் வாரத்துக்கு ஒருமுறை போனவன் இரண்டு நாளைக்கு ஒருமுறை போனேன். இந்த விதி புத்தகத்தில் இல்லை, நானாகச் செய்தது என்று யாரிடமும் சொல்லவில்லை. எந்த நேரம் எந்தச் சொல் வந்து இதை உடைக்குமோ என்ற பயம் மட்டும் போகவில்லை. தெரியாத சொல்லை யாராவது கேட்டால் கூட்டத்துக்கு முன்னால் சத்தமாக எண்ணுவேன், சத்தம்தான் எனக்குத் தைரியம்.

அந்தப் பெண் கேட்டது ஒரு காலை வேளையில், மதுரைக்கு வந்துகொண்டிருந்த பஸ்ஸில். அவள் ஏறிய பரவையிலேயே நானும் ஏறியிருந்தேன், விளாங்குடியில் இறங்கிவிடுவதாகக் கண்டக்டரிடம் பேச்சு. பத்தொன்பது இருபது வயது இருக்கும். பச்சைத் தாவணி. கையில் பழுப்பு நிறக் கவர், அதன் மூலையில் அனுப்பியவர் விலாசம் பழங்காநத்தம் என்று தட்டெழுத்தில் இருந்தது. புத்தகத்தைக் காசு கொடுத்து வாங்கினாள். வாங்கிவிட்டுக் கேட்டாள்.

"அண்ணே, ஆனஸ்ட்டுக்கு என்ன வரும்? இதுல போடல."

எனக்கு அந்தச் சொல்லே புதிது. "அப்பிடின்னா என்ன தாயி?"

"நாணயமா இருக்கிறது. நாளைக்கு எனக்கு இன்டர்வியூ. நூல் கம்பெனி ஆபீஸ்ல. முன்னாடி இருந்தவரு நூலை வெளிய வித்துட்டுப் போயிட்டாராம். அதான், மத்தவுகளவிட நான் நாணயமா இருப்பேன்னு இங்கிலீஷ்ல ஒரு வரி சொல்லணும்னு வச்சிருக்கேன்."

பக்கத்தில் இருந்த ஊர்க்கார அம்மா ஒருவர், "நல்லாச் சொல்லிக் குடுப்பா. அவுக தெருவுலயே பத்து முடிச்ச பொண்ணு இவ ஒருத்திதான்" என்றார்.

"இது மூணாவது இன்டர்வியூண்ணே. இதுவும் இல்லைன்னா, நடவுக்கு வா, தையில கல்யாணம்னு அப்பா சொல்லிட்டாரு" என்றாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள்.

எனக்குத் தெரியாது என்று சொல்லியிருக்கலாம். பஸ் நிறைய ஆள். நான் கையை உயர்த்தினேன். "ஆ, ன, ஸ், ட். எத்தனை? நாலு! நாலுன்னா என்ன?"

"அர்ரு!" என்றது பஸ்.

"ஆனஸ்டர், ஆனஸ்டஸ்ட்! எழுதிக்க தாயி."

கைக்குட்டை முடிச்சிலிருந்து ஒரு துண்டுப் பென்சிலை எடுத்துப் பதினோராம் பக்கத்தின் ஓரத்தில் எழுதிக்கொண்டாள். விளாங்குடியில் நான் இறங்கும்போது அவள் உதடு அசைந்துகொண்டிருந்தது, சொல்லிப் பார்க்கிறாள்.

மத்தியானம் புதுப் புத்தகக் கட்டு எடுக்கப் பாய் கடைக்குப் போனேன். வியாபாரம் எப்படி இப்படி ஓடுகிறது என்று கேட்டார். அன்றைக்கு எனக்கு வாய் நிற்கவில்லை, நாலெழுத்து விதியைச் சொல்லிவிட்டேன். பாய் டீக்கு ஆள் அனுப்பினார். அவருக்குப் பிடித்திருந்தது. அவரே சொல் கொடுத்தார், நான் விரலை மடக்கினேன்.

"பிரைட்?"

"மூணு. பிரைட்டர்."

"இம்பார்ட்டன்ட்?"

"எட்டு. மோர்."

"மாஷா அல்லா. இது எனக்கே தோணலையேப்பா." டீயை ஒரு வாய் குடித்தார். "ஃபேமஸ்?"

"ஃ, பே, ம, ஸ். நாலு. ஃபேமஸர்."

பாய் டம்ளரைக் கீழே வைத்தார். "திருப்பிச் சொல்லுங்க."

'ங்க' வந்துவிட்டது. மடக்கிய விரலைப் பிரித்தேன்.

"அப்படி ஒரு சொல் கிடையாது. மோர் ஃபேமஸ். வேற எதை எதையெல்லாம் இந்த மாதிரி எண்ணிச் சொல்லியிருக்கீங்க?"

"காலைல ஒரு பொண்ணு ஆனஸ்ட்டு கேட்டுச்சு பாய்."

"என்ன சொன்னீங்க?"

சொன்னேன். பாய் கண்ணாடியைக் கழற்றி ஜிப்பா நுனியில் துடைத்தார். வெகுநேரம் துடைத்தார். "நம்ம புஸ்தகத்துல அப்படிப் போட்டிருக்கா, ஜனாப்?"

"இல்ல பாய்."

"அப்ப யாரோட புஸ்தகத்தை வித்தீங்க, ஜனாப்?"

சரியானது 'மோர் ஆனஸ்ட்' என்று இரண்டு முறை சொல்லிவிட்டுக் கணக்குப்பிள்ளை பக்கம் திரும்பிக்கொண்டார். கட்டு தரவில்லை. நாளைக்கு அந்தப் பெண் நாலு அதிகாரிகளுக்கு முன்னால் நின்று அதைச் சொல்ல, எருமைக்காரர் என்னைக் கேட்டபோது பஸ் சிரித்த மாதிரி அவர்கள் சிரிப்பதைக் கடையில் நின்றபடியே மனசுக்குள் கேட்டுவிட்டேன்.

சாயங்காலம் பரவைக்குப் போனேன். பெயர் தெரியாது, தெரு தெரியாது. மார்க்கெட்டில் மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தவர்களிடம், "பச்சைத் தாவணி போட்டுக்கிட்டு, நாளைக்கு இன்டர்வியூக்குப் போற பொண்ணு, வீடு எதுங்க?" என்று கேட்டேன். கேட்டு முடித்த பிறகுதான் என்ன கேட்டேன் என்று உறைத்தது. மூட்டை அப்படியே இறங்கியது. நாலு பேர் சுற்றி நின்றார்கள்.

"யாருடா நீ? எந்த ஊரு?"

"எதுக்குடா பொம்பளப்புள்ளய விசாரிக்கிற?"

"ஒரு தப்பாயிப்போச்சுண்ணே..."

"என்னடா தப்பு?" ஒருவன் சட்டையைப் பிடித்துவிட்டான்.

"இங்கிலீஷ் தப்பாச் சொல்லிக் குடுத்துட்டேன்."

பின்னாலிருந்து ஒரு பெரியவர் எட்டிப் பார்த்தார். "அட, இவன் பஸ்ஸுல மோர் விக்கிறவன்ல?" சட்டையைப் பிடித்த கை தளர்ந்தது. சிரித்தார்கள். "இங்கிலீஷ் தப்பாச் சொன்னதுக்கா பஸ் ஏறி வந்த? நல்லாக் கதை விடுறியேடா."

அந்தப் பெரியவர் சிரிக்கவில்லை. என்னை வேப்பமரத்தடிக்குத் தள்ளிக்கொண்டு போனார். "மாப்ள, நீ நெசமே சொல்றேன்னு வச்சுக்குவோம். நீ ஒரு வீட்டுல கேட்டா, அது பத்து வீட்டுக்குப் போவும். அசலூர்க்காரன் தேடி வந்தான்கிறது மட்டுந்தான் நிக்கும். இங்கிலீஷு நிக்காது. வேலைக்கே அனுப்ப மாட்டாக. அந்தப் புள்ளைக்கு நல்லது செய்யணும்னா அடுத்த பஸ்ஸ ஏறிப் போயிரு."

அவர் சொன்னது சரி. ஏறிவிட்டேன். அவள் பெயர் எனக்குத் தெரியாமல் போனதே நல்லது என்று அன்றைக்கு நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் விடிந்ததும் பரவை ஸ்டாப்பிங்கில் தள்ளி நின்றேன். புத்தகப்பை கொண்டுபோகவில்லை. மூன்று பஸ் போனது, நாலாவதும் போனது. அவள் இல்லை. முதல் பஸ்ஸிலேயே போயிருப்பாள் என்று அப்போதுதான் உறைத்தது. மதுரைக்கு வந்து, அங்கிருந்து பழங்காநத்தம் டவுன் பஸ்ஸில் தொற்றி, இறங்கின இடத்தில் எல்லாம் நூல் கம்பெனி எது என்று கேட்டேன். ஒருவர் கிழக்கே காட்டினார், அங்கே இருந்தது பஞ்சு குடோன். திரும்பி ஓடினேன். கம்பெனி வாசலில் பத்துப் பன்னிரண்டு பேர் கவரோடு நின்றார்கள். அவள் சுவரோரம் நின்றாள். தாவணி இல்லை, புடவை. புடவை புதிது, அவளுக்குப் பெரிதாக இருந்தது.

"என்னண்ணே, இங்கயும் புஸ்தகமா?"

எனக்கு மூச்சு வாங்கியது. "இல்ல தாயி. நேத்துச் சொன்னது தப்பு. ஆனஸ்டர் இல்ல. மோர் ஆனஸ்ட்டு. மோர்னு சொல்லணும்."

அவள் முகம் மாறியது. "நாலெழுத்துன்னு வெரல மடக்கிக் காட்டுனீகளே."

"அந்தக் கணக்கு நானாப் போட்டது."

"புஸ்தகத்துல இல்லையா?"

"இல்ல."

"நேத்திலருந்து அதையே சொல்லிச் சொல்லிப் பாத்திருக்கேன். தூக்கத்துல கேட்டாலும் அதான் வரும்." குரல் ஏறியது, பக்கத்தில் நின்றவர்கள் பார்த்தார்கள், தணித்துக்கொண்டாள். "சரி. இப்பச் சொல்றீகளே, இது மட்டும் எந்தப் புஸ்தகத்துல இருக்கு?"

"பாய் சொன்னாரு. புஸ்தகம் போடுறவரு."

"பாய்க்கு யாரு சொன்னா?"

பாய் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்பதற்கு மேல் என் கையில் ஒன்றும் இல்லை. நேற்று தப்பானதை நிமிர்ந்து நின்று சொன்னேன், பஸ்ஸே சேர்ந்து சொன்னது. இன்றைக்குச் சரியானதை வேர்த்து வழிந்து, திக்கித் திணறிச் சொன்னேன். பார்க்கிற யாரும் நேற்றைய ஆளைத்தான் நம்புவார்கள்.

"சத்தியமாச் சொல்லுங்க. இதுதான் சரியா?"

"எனக்கு இங்கிலீஷ் தெரியாது தாயி" என்றேன். அந்தத் தொழிலில் அதை நான் வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை.

வாட்ச்மேன் பெயரைக் கூப்பிட்டார். பாண்டீஸ்வரி. அவள் முந்தானையைச் சரிசெய்துகொண்டு என்னைப் பார்க்காமல் உள்ளே போனாள்.

எதிர் டீக்கடையில் நின்றேன். டீ வாங்கினேன், ஆறிப்போனது. அரைமணிக்கு மேல் ஆயிற்று. உள்ளே போனவர்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். சிலர் சிரித்துக்கொண்டு வந்தார்கள், அது அவர்கள் சிரிப்பா, உள்ளே அவளைப் பார்த்துச் சிரித்த சிரிப்பா என்று எனக்கு ஒவ்வொரு முறையும் சந்தேகம். கடைசியில் அவள் வந்தாள். நேராக பஸ் ஸ்டாப்பிங்குக்கு நடந்தாள். நான் சாலைக்கு இந்தப் பக்கமே நடந்தேன். கேட்கப் பயம். ஸ்டாப்பிங்கில் அவளே திரும்பினாள்.

"ரெண்டையும் சொல்லல" என்றாள்.

"என்ன தாயி?"

"ஒன்னை ஏன் எடுக்கணும்னு கேட்டாக. நீங்க சொன்ன ரெண்டும் தொண்டையில வந்து முட்டிக்கிட்டு நின்னுச்சு. எது சரின்னு தெரியல. ரெண்டையும் விட்டுட்டேன். ஐ ஆம் ஆனஸ்ட்டுன்னு மட்டும் சொன்னேன். அதுல தப்பு வர வழியில்லைல?"

"அதுக்கு என்ன சொன்னாக?"

"யாரைவிடன்னு ஒருத்தர் கேட்டாரு. யாருகூடயும் வச்சுப் பாக்க வேணாம் சார், நான் நாணயமா இருப்பேன்னு தமிழ்லயே சொல்லிட்டேன். எழுதிக்கிட்டாக. லெட்டர் போடுவாகளாம்."

பஸ் வந்தது. ஏறிப் போய்விட்டாள். பதினோராம் பக்கத்தின் முதல் கட்டத்தை நான் ஒருநாளும் நிறுத்திச் சொன்னதில்லை. டால் என்று சொன்ன மூச்சிலேயே டாலருக்குத் தாவிவிடுவேன். வெறும் சொல்லைக் கேட்க யார் காசு கொடுக்கப் போகிறார்கள் என்று நினைத்திருந்தேன்.

பாயிடம் போய் நடந்ததைச் சொன்னேன். கேட்டுவிட்டு, "உட்காருப்பா" என்றார். 'ப்பா' திரும்ப வந்துவிட்டது. ஆனால் கட்டு எடுக்கவேண்டுமானால் இரண்டு வேலை செய்யவேண்டும் என்றார். ஒன்று, நாலெழுத்தை விடவேண்டும். அதற்குப் பதில் அவரே தாடைக்கடியில் புறங்கையை வைத்துக் காட்டினார். சொல்லைச் சொல்லும்போது தாடை ஒருமுறை இறங்கி இடித்தால் ஓர் அசை, பல முறை இடித்தால் பல அசை. எருமைக்காரர் கேட்டது இதுதான். இரண்டு இடிக்கிற சொல்லில் இரண்டு விதமும் உண்டு, அதனால் தெரியாததைத் தெரியாது என்று சொல்லிவிடவேண்டும். இரண்டாவது, கையிருப்பில் உள்ள ஒவ்வொரு புத்தகத்திலும் பதினோராம் பக்கத்தின் அடியில் ஆனஸ்ட்டையும் அதன் மூன்று கட்டத்தையும் என் கையால் மையில் எழுதவேண்டும். கடைத் தரையில் உட்கார்ந்து எழுதினேன். காதில் விழுந்தபடி இங்கிலீஷ் எழுத்துகளைக் கூட்டினேன். யாரையும் கேட்கவில்லை.

வியாபாரம் படுத்துவிட்டது. தெரியாது என்று சொல்கிறவனிடம் இங்கிலீஷ் வாங்க ஆள் குறைவு. "மோர் என்னப்பா ஆச்சு, புளிச்சுப்போச்சா?" என்று கேட்டார்கள். அதைவிடப் பெரிய கஷ்டம் பரவை ஸ்டாப்பிங். ஏறுகிற கூட்டத்தில் அவள் இருக்கிறாளா என்று பார்ப்பேன். இல்லையென்றால், வேலை கிடைக்கவில்லை, நடவுக்குப் போய்விட்டாள் என்று நினைப்பேன். சாலையோர வயல்களில் குனிந்து நிற்கிற பெண்களை ஜன்னல் வழியாக எண்ணிக்கொண்டு போவேன். ஐந்தாறு வாரம் இப்படிப் போனது.

ஒருநாள் காலை நெரிசலில், யாரென்று பார்க்காமலே ஒரு டிபன் கேரியர்மேல் புத்தகத்தை வைத்துவிட்டு நகர்ந்தேன்.

"இன்னும் தப்பாத்தான் விக்கிறீகளாண்ணே?"

பாண்டீஸ்வரி. அதே புடவை, இப்போது அளவாகக் கட்டியிருந்தாள். பழங்காநத்தத்துக்கா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

"மூணு வாரமாப் போயிக்கிட்டு இருக்கேன்" என்றாள் அவளே. "ஒங்களத்தான் காணோம். எட்டு மணி பஸ்ஸுக்கு நீங்க வர்றதில்ல போல."

புத்தகத்தைப் பிரித்துப் பதினோராம் பக்கத்துக்குப் போனாள். அடியில் நான் மையில் எழுதியிருந்ததைப் பார்த்தாள். மோர் இருந்தது, மோஸ்ட் இருந்தது. அவள் கைக்குட்டை முடிச்சை அவிழ்த்து அதே துண்டுப் பென்சிலை எடுத்தாள். ஆனஸ்ட் என்ற சொல்லுக்கு முன்னால் ஓர் எழுத்து சேர்த்தாள். மூன்று கட்டத்திலும் சேர்த்தாள்.

"முன்னால ஒரு எச் இருக்குண்ணே. வாய்ல வராது, ஆனா எழுதணும்."

புத்தகத்தை என்னிடம் திருப்பிக் கொடுத்தாள். விளாங்குடி வந்தது, இறங்கினேன். பையில் நாற்பது புத்தகம் இருந்தது, பாய் கடையில் எவ்வளவு இருந்தது என்று எண்ணப் பயமாக இருந்தது. ஸ்டாப்பிங் சுவரோரம் உட்கார்ந்து, ஒவ்வொன்றாகப் பிரித்து, எச் போடத் தொடங்கினேன்.